வாய்ப்பாட்டில் ஐந்து காலிக் கட்டங்கள்

கம்ப்யூட்டரில் புதிதாக ஏதாவது ஒன்றை மாட்டிய மறுநாளே அது கிறுக்குத்தனமாக நடந்துகொண்டால் யாரைச் சந்தேகப்படுவோம்? பெரும்பாலும் நம்மைத்தான். ஒயரைச் சரியாகச் செருகவில்லையோ, தெரியாமல் எதையாவது மாற்றிவிட்டோமோ என்று. காசு கொடுத்து வாங்கிய புதுப் பொருளின் மேல் சந்தேகம் வர நாளாகும். உலகமே வாங்கிக்கொண்டிருக்கும் பொருள் என்றால் கேட்கவே வேண்டாம். 1994-இல் தாமஸ் நைஸ்லிக்கு நாலு மாதம் ஆனது.

நைஸ்லி அமெரிக்காவின் வர்ஜீனியா மாநிலத்தில், லிஞ்ச்பர்க் கல்லூரியில் கணிதப் பேராசிரியர். சாதாரண மேசைக் கணினிகள் சிலவற்றை வைத்துக்கொண்டு பகா எண்களை எண்ணிக்கொண்டிருந்தார். குறிப்பாக இரட்டைப் பகா எண்கள்: 11, 13, 17, 19, 29, 31 என்று இரண்டு வித்தியாசத்தில் ஜோடியாக வருபவை. இந்த ஜோடிகளைக் கொண்டு ஒன்றை வகுத்து, கிடைக்கும் பின்னங்களையெல்லாம் கூட்டிக்கொண்டே போனால், தொகை எல்லையில்லாமல் வளராது, ஓர் எண்ணை நெருங்கி அங்கேயே அடங்கிவிடும் என்று நார்வேக்காரரான விக்கோ புருன் 1919-இல் நிறுவியிருந்தார். அந்த எண் 1.902-க்குப் பக்கத்தில் இருக்கிறது. அதன் அடுத்தடுத்த இலக்கங்களைப் பிடிப்பதுதான் நைஸ்லியின் வேலை. இதெல்லாம் எதற்கு உதவும் என்று கேட்டால் பதில் சொல்வது கஷ்டம். யாப்பிலக்கணம் படிப்பவரிடமும் சொந்தக்காரர்கள் இதையேதான் கேட்பார்கள்.

அவரிடம் இருந்தவை 486 ரகக் கணினிகள். 1994 மார்ச்சில் இன்டெலின் புதிய பென்டியம் சில்லு பொருத்திய கணினி ஒன்றும் சேர்ந்தது. ஜூன் 13-ஆம் தேதி, கணக்குகள் ஒத்துப்போகவில்லை என்பது தெரிந்தது.

இதற்குப் பிறகு அவர் செய்ததுதான் எனக்குப் பிடித்த பகுதி. முதலில் தான் எழுதிய நிரலைச் சந்தேகித்தார். பிறகு அதை இயந்திர மொழிக்கு மாற்றும் கம்பைலரை. பிறகு மதர்போர்டை. ஒவ்வொன்றாகச் சோதித்து ஒதுக்கிக்கொண்டே வந்தார். வெவ்வேறு நிறுவனங்கள் விற்ற பென்டியம் கணினிகளில் அதே கணக்கைப் போட்டுப் பார்த்தால் எல்லாவற்றிலும் அதே தப்பு. 486-இல் ஒருமுறைகூட அது வரவில்லை. பென்டியத்துக்குள் தசமக் கணக்குக்கென்றே இருக்கும் பகுதியை முடக்கிவிட்டு ஓட்டினால் தப்பு மறைந்தது. வேகமும் ஏறக்குறைய பத்தில் ஒரு பங்காகிவிட்டது. அக்டோபர் 19 வாக்கில் மிச்சமிருந்தது சில்லு மட்டும்தான்.

824633702441 என்ற எண்ணால் ஒன்றை வகுங்கள். வரும் விடையை அதே எண்ணால் பெருக்குங்கள். 1 வர வேண்டும். பென்டியம் 0.999999996 என்றது. இதற்குப் பெரிய மென்பொருள்கூட வேண்டாம், விண்டோஸ் கால்குலேட்டரே போதும். கணினி நின்றுபோனால், திரை கறுத்துப்போனால் நமக்குத் தெரியும். எட்டு இலக்கம்வரை சரியாகச் சொல்லிவிட்டு ஒன்பதாவதில் அமைதியாகப் பொய் சொல்லும் கணினியை எப்படிப் பிடிப்பது? பக்கத்தில் ஒரு பழைய கணினியும், இரண்டையும் ஒப்பிட்டுப் பார்க்கும் பழக்கமும் இருந்ததால் மட்டுமே அவர் பிடித்தார்.

காரணத்தைச் சொன்னால் ஆரம்பப் பள்ளி ஞாபகம் வரும். நீள் வகுத்தல் செய்யும்போது, இந்த எண் அதில் எத்தனை தடவை போகும் என்று மனதுக்குள் வாய்ப்பாட்டைப் பார்த்துக்கொள்வோம் இல்லையா? பென்டியத்துக்குள்ளும் அப்படி ஒரு வாய்ப்பாடு இருந்தது. 486-ஐவிட வேகமாக வகுக்க வேண்டும் என்பதற்காகவே அதை வைத்தார்கள். அதில் நிரப்பவேண்டிய கட்டங்கள் 1,066. ஐந்து விடுபட்டுப்போயின. 2 இருக்க வேண்டிய இடத்தில் 0. அந்தக் கட்டங்களுக்குப் போகும் கணக்குகள் மட்டும் தப்பாயின.

நமக்கும் இதில் ஒரு பங்கு உண்டு. இன்டெல் வெளிநாட்டில் தொடங்கிய முதல் தொழிற்சாலை 1972-இல் பினாங்கில் வந்ததுதான். அந்தக் காலத்துப் பென்டியம் சில்லுகள் பலவற்றைத் திருப்பிப் பார்த்தால் 'மலாய்' என்று பொறித்திருக்கும். சில்லுகளை உறையில் பொருத்துவதும் சோதிப்பதும் அங்கே நடந்தன. அந்தச் சோதனையில் இது ஏன் சிக்கவில்லை? சோதனை பார்ப்பது சில்லு வரைபடத்தின்படி இருக்கிறதா என்பதை. ஒவ்வொரு சில்லும் வரைபடத்தின்படிதான் இருந்தது. தப்பு வரைபடத்தில் இருந்தது. பயான் லெப்பாஸில் ஷிப்டு வேலை பார்த்தவர்கள் கையில் இது பிடிபட வழியே இல்லை.

அக்டோபர் 24-இல் நைஸ்லி இன்டெலுக்குப் போன் செய்தார். இப்படி ஒரு புகார் இதற்குமுன் வந்ததில்லை என்று சொன்னார்கள். 30-ஆம் தேதி சிலருக்கு மின்னஞ்சல் எழுதினார், விஷயம் பரவியது. அந்த ஆண்டின் நடுவிலேயே இன்டெலின் பொறியாளர்கள் இதைக் கண்டுபிடித்துவிட்டார்கள் என்பதும், வாங்கியவர்களிடம் சொல்லாமலே அடுத்து வரும் சில்லுகளில் திருத்த ஏற்பாடு நடந்ததும் பிறகு வெளியே வந்தன.

சாதாரணமாகக் கணக்குப் போடுகிற ஒருவருக்கு 27,000 ஆண்டுக்கு ஒருமுறைதான் இந்தப் பிழை நேரும் என்றது இன்டெல். மாற்றுச் சில்லு வேண்டுமானால், உங்கள் வேலைக்கு அவ்வளவு துல்லியம் ஏன் தேவை என்று விளக்க வேண்டும். 27,000 என்பதைப் பொய் என்று நான் சொல்லமாட்டேன். அவர்கள் வைத்துக்கொண்ட அனுமானங்களுக்கு அது சரியாகவே இருக்கலாம். ஆனால் யார் சாதாரண ஆள், எந்த வேலை துல்லியத்துக்குத் தகுதியானது என்பதை விற்றவனே தீர்மானித்தால் எப்படி? காசு கொடுத்தவன் தன் கணக்கு முக்கியமானது என்று நிரூபித்துக்காட்ட வேண்டியிருந்தது. ஜனங்களுக்குக் கோபம் வந்தது இந்த இடத்தில்தான். ஒன்பதாவது இலக்கம் அவர்களில் பெரும்பாலோருக்குத் தேவையே இல்லை.

டிசம்பர் 12-இல் ஐபிஎம் பென்டியம் கணினிகளை அனுப்புவதை நிறுத்தியது. அவர்கள் கணக்கில் பிழை 24 நாளுக்கு ஒருமுறை வரும். (ஐபிஎம்மும் அப்போது போட்டிச் சில்லு ஒன்றில் பங்காளி என்பதைச் சேர்த்தே வாசிக்க வேண்டும்.) 20-ஆம் தேதி இன்டெல் இறங்கிவந்தது: கேட்பவர்களுக்கெல்லாம், கேள்வியில்லாமல் மாற்றுச் சில்லு. செலவுக்கென்று 47.5 கோடி டாலர் ஒதுக்கியது. திரும்பி வந்த சில்லுகளில் சில சாவிக்கொத்துகளாகி ஊழியர்களிடமே போய்ச் சேர்ந்தன.

நைஸ்லி எண்ணுவதை நிறுத்தவில்லை. 1995-இல், நூறு இலட்சம் கோடி வரையிலான இரட்டைப் பகா எண்களை எண்ணி முடித்து, அந்த மாநிலத்து அறிவியல் இதழ் ஒன்றில் வெளியிட்டார்.