நீர்க்குடுவையில் மலர்ந்த பொய்ச்சாட்சி

குறுகிய கழுத்தும் கிண்ணம்போல் விரிந்த வாயும் கொண்ட கண்ணாடிக் குடுவை. வாயில் வெங்காயத்தை ஒத்த ஹயசிந்த் குமிழ். கீழே நீரில் இறங்கும் வெண்ணிற வேர்கள். 19ஆம் நூற்றாண்டு இங்கிலாந்தில் குளிர்காலச் சன்னலோரங்களை அழகுசெய்த இப்பொருளின் வரலாறு வரவேற்பறையில் தொடங்கவில்லை. (நம் குளங்களை மூடும் ஆகாயத்தாமரையும் ஆங்கிலத்தில் 'நீர் ஹயசிந்த்' எனப் பெயர் பெற்றுள்ளது, இரண்டுக்கும் உறவில்லை.) அதன் பின்னணியில் நிற்பது ஒரு பழைய வினா: செடியின் உடல் எதனால் ஆனது?

ஃபான் ஹெல்மாண்ட் 5 பவுண்டு எடையுள்ள வில்லோக் கன்றை 200 பவுண்டு உலர்மண்ணில் நட்டு, 5 ஆண்டுகள் நீர் மட்டுமே வார்த்தார். மரம் 169 பவுண்டாயிற்று. மண்ணில் குறைந்ததோ ஏறத்தாழ 2 அவுன்ஸ். மரம் நீரால் ஆனது என்றார் அவர். அவர் மறைந்தபின் 1648இல் இது அச்சேறியது. 1699இல் ஜான் உட்வர்டு புதினாவைப் பலவகை நீரில் வளர்த்து, கலங்கல் மிகுந்த நீரில் அது செழிப்பதைக் கண்டு, நீரிலுள்ள மண்பொருளே உணவு என மறுத்தார்.

வழக்கு இவ்வாறு நிலுவையில் இருக்க, 1730களின் தொடக்கத்தில் சுவீடனின் மார்ட்டென் திரீவால்ட் லண்டன் ராயல் சொசைட்டிக்கு ஒரு கடிதம் எழுதினார். டன்னெமோரா சுரங்கத்தில் நீராவிப் பொறி நிறுவிய பொறியாளர் அவர். நீர்ப்புட்டிகளின்மேல் வைத்த குமிழ்கள், மண்ணில் நட்டவற்றினும் முந்திப் பூத்தன என்பது செய்தி. செல்சி மூலிகைத் தோட்டத்தின் பிலிப் மில்லர் அதைத் தாமும் செய்துபார்த்து அறிக்கை தந்தார்.

மண்ணே இல்லை, பூ மட்டும் உண்டு. ஹெல்மாண்ட் கட்சிக்கு இதனினும் சிறந்த சாட்சி கிடைக்குமா? ஆனால் ஹயசிந்த் நம்பத்தக்க சாட்சியன்று. சென்ற வசந்தத்தில் இலைகள் ஆக்கிய உணவு குமிழின் செதில்களில் சேமிப்பாக இருக்கிறது. கோடை ஓய்வில், வெளியே எவ்வசைவும் தெரியாத நாள்களில், உள்ளே பூமொட்டு உருவாகிவிடுகிறது. 1920இல் வாகெனிங்கனில் பிளாவ் இக்காலமுறையை விரிவாக ஆராய்ந்தார். குடுவை நீர் அம்மொட்டை விரியச் செய்கிறது, ஆக்குவதில்லை. இருளில் வேர்விடும் வாரங்களில் குமிழின் உலர் எடை கூடுவதுமில்லை; சுவாசத்தால் குறையவே செய்கிறது. எடைபோட்டுப் பார்க்காத கண்ணுக்கு இழப்பும் வளர்ச்சியாகவே தோன்றும்.

காற்றின் கரியமில வாயுவும் நீரும் சேர்ந்தே செடியின் எடையைக் கூட்டுகின்றன என்பதை 1804இல் ஜெனீவாவின் சோசூர் அளந்து காட்டினார். குடுவைகளோ அழகுக்காக நிலைத்தன. பூ உதிர்ந்ததும் வற்றிய குமிழைப் பெரும்பாலோர் எறிந்துவிடுவர். சேமிப்பு தீர்ந்த அது மறு ஆண்டு நீரில் பூப்பதில்லை.