கிளைக் கணக்கும் தோட்டத்து வாக்கும்

மலேசிய இந்தியர் காங்கிரஸ் எனப்படும் ம.இ.கா., 1946இல் ஜான் திவியின் தலைமையில் தோன்றியபோது படித்த நகரத்தாரின் செல்வாக்கு மிகுந்த அமைப்பாகவே இருந்தது, 1955இல் கே.எல்.தேவாசருக்குப் பின் வி.தி.சம்பந்தன் தலைமையேற்ற பிறகே அது தோட்டத் தமிழரின் கட்சி என்ற உருவத்தைப் பெற்றது. நாட்டின் முதல் வணிகச் செம்பனைத் தோட்டமாக 1917இல் நடவு கண்ட தென்னமரம் தொடங்கி, கோல சிலாங்கூரிலும் அதற்குக் கிழக்கே உலு சிலாங்கூரிலும் பரவிக் கிடந்த தோட்டங்களில், கட்சி என்றால் கிளை, கிளை என்றால் அதன் தலைவர் என்றே மக்கள் அறிந்திருந்தனர். கிளை என்பது கட்சியின் அடிமட்ட அலகு; அதற்கு மேல் தொகுதி, மாநிலம், மத்திய செயலவை என்று படிகள் உயர்ந்தன. குடியுரிமை மனு, பள்ளிக்கூடக் கூரை, கோயில் நிலம் என எதற்கும் முதலில் கதவைத் தட்டக்கூடிய மனிதர் கிளைத் தலைவரே என்பதால், தோட்டத்துக் கட்சி விசுவாசம் கொள்கையைக் காட்டிலும் ஆளைச் சார்ந்து வளர்ந்ததில் வியப்பில்லை.

மேல்மட்டப் போட்டிகளுக்கும் இக்கிளைகளே படைபலமாயின. 1973இல் பிரதமர் துன் ரசாக்கின் தலையீட்டுக்குப் பின் சம்பந்தன் விலகி வி.மாணிக்கவாசகத்துக்கு வழிவிட்டார், 1977இல் துணைத் தலைவர் பதவிக்கு நடந்த தேர்தலில் ச.சாமிவேலு 26 வாக்கு வித்தியாசத்தில் சி.சுப்பிரமணியத்தை வென்றார். மாணிக்கவாசகம் 1979இல் காலமானதும் சாமிவேலு தலைவராக, அந்த 26 வாக்குகளின் பிளவு ஒரு தலைமுறைக்கு நீடித்தது. 1988இல் கட்சியிலிருந்து நீக்கப்பட்ட எம்.ஜி.பண்டிதன் சாதிப் பாகுபாட்டைக் குற்றச்சாட்டாக எழுப்பி, 1990இல் இந்தியர் முற்போக்கு முன்னணியைத் தொடங்கியபோது, மேடைகளில் பேசப்படாத ஒரு சாதிக் கோடு தோட்டங்களில் வெளிப்படையாகவே தெரிந்தது.

உட்கட்சிக் கணக்குக்கும் வாக்குப்பெட்டிக்கும் இடையே விழுந்த இடைவெளியை உலு சிலாங்கூர் போலக் காட்டிய தொகுதி வேறில்லை. 2007 ஏப்ரலில் அண்டைப் பகுதியான ஈஜோக் சட்டமன்ற இடைத்தேர்தலில் ம.இ.கா.வின் கே.பார்த்திபன் 1,850 வாக்கு வித்தியாசத்தில் வென்றார். ஓராண்டுக்குள், இந்து உரிமைப் போராட்டக் குழுவான இண்ட்ராப்பின் 2007 நவம்பர் பேரணிக்குப் பிறகு, 2008 பொதுத்தேர்தலில் அதே ஈஜோக்கில் வென்ற எதிரணியின் காலிட் இப்ராகிம் சிலாங்கூரின் மந்திரி புசார், அதாவது மாநில முதல்வர், ஆனார். 1990 முதல் உலு சிலாங்கூரைத் தன் வசம் வைத்திருந்த ஜி.பழனிவேல், 2006இல் சுப்பிரமணியத்தைத் தோற்கடித்துத் துணைத் தலைவரானவர், 2008இல் வெறும் 198 வாக்கு வித்தியாசத்தில் அத்தொகுதியை இழந்தார். 2010இல் அங்கே இடைத்தேர்தல் வந்தபோது சாமிவேலு பழனிவேலையே முன்மொழிந்தார்; ம.இ.கா. அங்கம் வகித்த கூட்டணியின் தலைமைக் கட்சியான அம்னோ ஏற்காததால் பி.கமலநாதன் வேட்பாளராகி 1,725 வாக்கு வித்தியாசத்தில் வென்றார். கட்சியின் இரண்டாம் இடத்தவருக்குத் தொகுதி கிடைக்குமா என்பதைக் கட்சிக்கு வெளியே தீர்மானித்தார்கள் என்பதே இதில் கவனிக்கத்தக்கது. கிளைகள் அதைப் பொறுத்துக்கொண்டன.

அதே ஆண்டு டிசம்பரில் பழனிவேல் தலைவரானார். ஆனால் 2013 கட்சித் தேர்தல் குறித்த புகார்களின் பேரில், சங்கங்களைப் பதிவுசெய்து கண்காணிக்கும் அரசுத் துறையான சங்கப் பதிவிலாகா மறுதேர்தலுக்கு உத்தரவிட்டது. அவர் நீதிமன்றம் சென்றார். கட்சி விவகாரத்தை நீதிமன்றத்துக்குக் கொண்டுசெல்வோர் உறுப்பியம் இழப்பர் என்ற கட்சி விதியைக் காட்டியே எதிரணி அவரை வெளியேற்ற, 2015இல் டாக்டர் ச.சுப்பிரமணியம் (முன்னவர் அல்லர், பெயர் மட்டுமே ஒன்று) தலைமைக்கு வந்தார்.

இப்பூசல்கள் நடந்த காலத்திலேயே தோட்டங்கள் கைமாறி மக்கள் பட்டணங்களுக்குச் சிதறினர். புக்கிட் தாகார், சுங்கை திங்கி, மேரி, நைஜல் கார்டனர், மின்யாக் தோட்டங்களின் முன்னாள் தொழிலாளர்களின் வீட்டுப் பிரச்சினை 2024 மே மாதம் உலு சிலாங்கூருக்குள் அடங்கும் கோல குபு பாரு சட்டமன்ற இடைத்தேர்தலில் மீண்டும் எழுந்தது. அங்கே வென்றது நீண்டகாலம் எதிரணியாயிருந்து, அதற்குள் ம.இ.கா.வின் கூட்டணியோடு ஐக்கிய அரசாங்கத்தில் பங்காளியாகிவிட்ட ஜனநாயக செயல் கட்சி, ம.இ.கா.வுக்கு அத்தேர்தலில் வேட்பாளரே இல்லை.