நரிவேட்டைத் தடை (பிரிட்டன்)

மோப்ப நாய்க்கூட்டம் ஒன்றைக் காட்டில் விட்டு, அது கிளப்பும் செந்நரியைக் குதிரைகளில் பின்தொடர்ந்து, நாய்கள் அதைப் பிடித்துக் கொல்லும்வரை துரத்தும் விளையாட்டே ஆங்கிலேயரின் நரிவேட்டை. ஸ்காட்லாந்து 2002இல் இதைத் தடைசெய்தது. இங்கிலாந்திலும் வேல்சிலும் 2004ஆம் ஆண்டின் வேட்டைச் சட்டம் தடை விதித்தது. அது 2005 பிப்ரவரி 18 அன்று நடைமுறைக்கு வந்தது. அதற்கு முன் ஒரு நூற்றாண்டுக்கும் மேலாக நடந்த விவாதத்தில் வேட்டைக்காரர்கள் பல நியாயங்களைச் சொன்னார்கள். அவற்றில் அரசையும் விசாரணைக் குழுக்களையும் நெடுங்காலம் கட்டிப்போட்டது ஒன்றுதான்: நரி ஆட்டுக்குட்டியையும் கோழியையும் தின்னும் பீடை; அதை ஒழிக்க வேட்டை தேவை என்பது. வேட்டையின் வரலாற்றைக் கூர்ந்து பார்த்தால் இந்த நியாயம் நிற்கவில்லை. அது விழுந்த பிறகு, பொழுதுபோக்குக்காக ஒரு விலங்கை இப்படித் துரத்திக் கொல்லலாமா என்ற ஒரே கேள்விதான் மிஞ்சியது. தடை அந்தக் கேள்விக்குச் சொல்லப்பட்ட பதில்.

நரி பீடையாகக் கருதப்பட்ட காலம் ஒன்று உண்மையாகவே இருந்தது. முதலாம் எலிசபெத் காலத்தில், 1566இல் வந்த சட்டத்தின்படி ஒரு நரித்தலைக்குப் பன்னிரண்டு பென்னி சன்மானம் கிடைத்தது. வலை, கண்ணி, தடி என எதைக் கொண்டும் நரியைக் கொல்லலாம். அதில் கௌரவமும் இல்லை, விளையாட்டும் இல்லை. அன்றைய பிரபுக்களின் வேட்டை மான்வேட்டை. பதினேழாம் நூற்றாண்டின் உள்நாட்டுப் போருக்குப் பின் மான்கள் அருகிப்போகவே அவர்களின் கண் நரிமேல் விழுந்தது. லெஸ்டர்ஷயரின் குவார்ன் வேட்டைக்குழுவை 1753 முதல் ஏறத்தாழ ஐம்பது ஆண்டுகள் நடத்திய ஹியூகோ மெய்னெல், வேகமும் மோப்பமும் ஒருங்கே கொண்ட நாய்களை இனவிருத்தி செய்தார். விடியலில் மெதுவாக நடந்த நரிவேட்டை, முன்பகலில் தொடங்கி வேலிகளைத் தாண்டிப் பாயும் குதிரைச் சவாரியாக அவர் காலத்தில்தான் மாறியது. வேகம் விளையாட்டானதும் நரியின் நிலையும் தலைகீழானது. வேட்டைக்குழுக்கள் நரி தங்குவதற்கென்றே முட்புதர்த் தோப்புகளை நட்டன. செங்கல்லும் குழாயும் வைத்துச் செயற்கை வளைகள் கட்டின. நரி குறைந்த மாவட்டங்களுக்கு ஐரோப்பாவிலிருந்து பிடித்து வரப்பட்ட நரிகள் லண்டன் லெடன்ஹால் சந்தையில் விலைக்குக் கிடைத்தன. வேட்டை மாவட்டத்தில் ஒரு விவசாயி தன் கோழியைக் காக்க நரியைச் சுட்டுவிட்டால் ஊரார் அவரைக் குற்றவாளியைப் போலப் பார்த்தார்கள். பீடை என்று சொல்லப்பட்ட ஒன்றை வளர்த்தும் வாங்கியும் காத்தும் வந்தவர்கள், அதை ஒழிக்கவே வேட்டையாடினோம் என்று பிற்காலத்தில் வாதிட்டார்கள். உதகமண்டலத்துப் புல்வெளிகளில் செந்நரி கிடையாது. அங்கே ஆங்கிலேய அதிகாரிகள் இங்கிலாந்திலிருந்து நாய்களை வரவழைத்துக் குள்ளநரியைத் துரத்தினார்கள். அங்கும் அவர்கள் தேடியது துரத்தலைத்தான்.

வேட்டை நடந்த முறையே இதற்குச் சான்று. வேட்டை நாளுக்கு முந்திய இரவில், நரி இரைதேடி வெளியே போயிருக்கும் நேரம் பார்த்து, அதற்கென்று அமர்த்தப்பட்ட ஆள் மண்வெட்டியோடு போய் வளைவாய்களை அடைப்பார். விடிந்து திரும்பும் நரிக்கு ஒளிய இடமிராது; அது தரையின் மேலேயே படுத்தாக வேண்டும். அப்போதுதான் நாய்கள் கிளப்பும்போது நெடுந்தூரம் ஓடும். அது எப்படியோ ஒரு வளைக்குள் புகுந்துவிட்டால், டெரியர் நாயை உள்ளே விட்டு அதை மடக்கி, மேலிருந்து மண்ணைத் தோண்டிச் சுடுவார்கள். நவம்பரில் பருவம் தொடங்குமுன், இலையுதிர் காலத்தில் குட்டிநரி வேட்டை நடக்கும். குதிரைவீரர்கள் தோப்பைச் சூழ்ந்து நின்று தப்பும் குட்டிகளை உள்ளே விரட்ட, இளம் நாய்கள் கொல்லப் பழகும். பதிவுபெற்ற குழுக்கள் கொன்ற நரிகளில் ஏறத்தாழ நாற்பது விழுக்காடு இந்தப் பருவத்தில் கொல்லப்பட்டவை. பூச்சியை ஒழிக்க வந்தவன் அது ஓடி விளையாட வழிசெய்து தரமாட்டான்.

இந்த விளையாட்டுக்கு எதிரான குரல் தாமதமாகவே எழுந்தது. காரணம் இரக்கமின்மை மட்டுமல்ல, வர்க்கமும்தான். கால்நடைகளை வதைப்பதை 1822ஆம் ஆண்டின் மார்ட்டின் சட்டம் குற்றமாக்கியது. விலங்குவதைத் தடுப்புச் சங்கம் 1824இல் தோன்றியது. காளையையும் கரடியையும் கட்டிப்போட்டு நாய்களை ஏவும் ஏழைகளின் விளையாட்டுகளும் சேவற்சண்டையும் 1835இல் தடைசெய்யப்பட்டன. அதே நாயை ஏவி நரியைக் கிழிக்கும் நிலச்சுவான்தார்களின் விளையாட்டை யாரும் தொடவில்லை. 1869இல் வரலாற்றாசிரியர் எட்வர்ட் ஃப்ரீமன் இந்த முரணைத் துணிந்து எழுதினார். நாவலாசிரியரும் தீவிர வேட்டைக்காரருமான ஆன்டனி ட்ரோலப் அவருக்கு மறுப்பு எழுதினார். 1911ஆம் ஆண்டின் விலங்குப் பாதுகாப்புச் சட்டம் வீட்டு விலங்குகளையும் அடைபட்ட விலங்குகளையும் காத்தது, வேட்டையை வெளியே விட்டது. கொடிய விளையாட்டுகளுக்கு எதிரான கழகம் 1924இல் பிறந்தது. வேட்டைக்கு எதிராக 1949இல் வந்த தனிநபர் மசோதாக்கள் கரைசேரவில்லை. அப்போது அமைந்த ஸ்காட் ஹென்டர்சன் குழு, நரியின் பெருக்கத்தைக் கட்டுப்படுத்த வேட்டை உதவுகிறது, மற்ற பெரும்பாலான முறைகளைவிட அதில் வதை குறைவு என்று 1951இல் முடிவு சொன்னது. அடுத்த நாற்பதாண்டுகளுக்கு வேட்டைக்காரர்களின் கேடயம் அந்த அறிக்கைதான். 1963இல் தொடங்கிய வேட்டை மறிப்போர் சங்கத்தினர் களத்தில் நேரடியாக இறங்கி, நாய்களின் மோப்பத்தைக் குழப்பியும் கொம்பு ஊதித் திசைதிருப்பியும் நரிகளைக் காப்பாற்ற முயன்றார்கள்.

திருப்பம் 1997இல் தொழிற்கட்சி ஆட்சிக்கு வந்ததும் ஏற்பட்டது. மைக்கேல் ஃபாஸ்டர் கொண்டுவந்த தடை மசோதா மக்களவையில் 411க்கு 151 என்ற வாக்கில் இரண்டாம் வாசிப்பைத் தாண்டியும் நேரமின்றிக் கைவிடப்பட்டது. பின் அரசு அமைத்த பர்ன்ஸ் பிரபுவின் குழு 2000 ஜூனில் அறிக்கை தந்தது. அதில் உள்ள கணக்குகள் பீடை வாதத்தை உள்ளிருந்தே உடைத்தன. ஆண்டுதோறும் சாகும் நரிகள் சுமார் நான்கு லட்சம். பதிவுபெற்ற குழுக்கள் கொல்பவை 21,000 முதல் 25,000 வரை. பிழைக்கக்கூடிய ஆட்டுக்குட்டிகளில் நரிக்கு இரையாகுபவை இரண்டு விழுக்காட்டுக்கும் குறைவு. துரத்தலும் கொலையும் நரியின் நலனைக் கடுமையாகப் பாதிக்கின்றன என்றும், முன்னோடி நாயின் ஒரே கடியில் கழுத்து முறிந்து உடனே செத்துவிடும் என்ற வேட்டைக்காரர்களின் கூற்று எப்போதும் உண்மையல்ல என்றும் குழு கண்டது. மறு ஆண்டே இயற்கைச் சோதனை போன்ற ஒன்று நிகழ்ந்தது. 2001இல் கோமாரி நோய் பரவியதால் வேட்டை ஏறத்தாழ ஓராண்டு நிறுத்தப்பட்டது. அந்த இடைவெளிக்கு முன்னும் பின்னும் நரி எச்சங்களை எண்ணிய ஆய்வொன்று, நரிகள் பெருகவில்லை என்று 2002இல் ‘நேச்சர்’ இதழில் அறிவித்தது. ஓராண்டு போதுமா என்ற கேள்வி நியாயமானதே. ஆனால் வேட்டை நின்றால் நரிகள் உடனே பெருகிவிடும் என்ற எச்சரிக்கையை அந்த ஆய்வு உறுதிசெய்யவில்லை.

தடைக்கு எதிரான மற்ற வாதங்களைத் தள்ளிவிட முடியாது. அவற்றில் வலுவானது பிழைப்பு. லாடம் அடிப்பவர், குதிரை பராமரிப்பவர், நாய்க்கொட்டில் ஆள் என 6,000 முதல் 8,000 முழுநேர வேலைகள் வேட்டையைச் சார்ந்திருப்பதாக பர்ன்ஸ் குழுவே கணித்தது. 2002 செப்டம்பரில் லண்டன் தெருக்களில் நடந்த பேரணியில் நான்கு லட்சத்துக்கும் மேற்பட்டோர் சேர்ந்தார்கள் என்று அமைப்பாளர்கள் எண்ணிச் சொன்னார்கள்.  அவர்களின் கோபத்தைப் பணக்காரரின் அடம் என்று சொன்னது நகரத்தவரின் அநியாயம். ஆயினும் வேட்டைக்குழுக்கள் நேரடியாக அமர்த்திய வேலைகள் சுமார் 700தான். குதிரையும் சவாரியும் தடைக்குப் பின்னும் இருக்கின்றன. போலி மோப்பத்தைத் தரையில் இழுத்துச் சென்று நாய்களை ஓடவிடும் பழைய விளையாட்டுக்கு யாரும் தடை போடவில்லை. இரண்டாவது வாதம், துப்பாக்கிக் குண்டில் காயப்பட்டு நரி நாட்கணக்கில் அழுகிச் சாவதைவிட நாய்வாய் மேல் என்பது. எந்த முறையும் குற்றமற்றதல்ல என்று பர்ன்ஸ் குழுவும் ஒப்புக்கொண்டது. ஆனால் இரவில் விளக்கொளியில் ரைஃபிளால் சுடுவதில் வதை குறைவு என்றும் அதே குழு சொன்னது. இரண்டு நாய்கள் வரை கொண்டு நரியைக் கிளப்பிச் சுடவும் சட்டம் இடம் விட்டது. மூன்றாவது, சிறுபான்மையினரின் பண்பாட்டில் பெரும்பான்மை கைவைக்கலாமா என்பது. பண்பாடு என்ற காப்பு ஓர் உயிரின் வேதனைக்கு அனுமதிச் சீட்டாகாது என்பதை 1835இலேயே நாடாளுமன்றம் ஏழைகளுக்குச் சொல்லிவிட்டது. அதே அளவுகோலைச் சீமான்களுக்கும் நீட்டியதை ஒடுக்குமுறை என்பது பொருந்தாது.

உரிமம் வழங்கும் சமரச மசோதா ஒன்றை அரசு முதலில் கொண்டுவந்தது. தேவை உண்டா, வதை குறைவா என்ற இரு சோதனைகளை அது வைத்தது. மக்களவை 2003இல் 362க்கு 154 என்ற வாக்கில் அதை முழுத்தடையாக மாற்றியது. பிரபுக்கள் சபை மறுத்தது. 2004 செப்டம்பரில் போராட்டக்காரர்கள் ஐவர் மக்களவைக் கூடத்துக்குள்ளேயே புகுந்தார்கள். முடிவில், மக்களவையின் முடிவை மேலோங்கச் செய்யும் நாடாளுமன்றச் சட்டங்களைப் பயன்படுத்தி, பிரபுக்கள் சபையின் இசைவின்றியே நவம்பர் 18 அன்று தடை சட்டமானது. அப்படி இயற்றியது செல்லும் என்று 2005 அக்டோபரில் ஒன்பது நீதிபதிகள் தீர்ப்பளித்தார்கள்.

கொள்கையில் சரியான இந்தச் சட்டம் சொல்லமைப்பில் பலவீனமானது. நரியைத் துரத்தியதைக் காட்டினால் மட்டும் போதாது, துரத்தும் எண்ணம் இருந்ததையும் அரசுத் தரப்பு மெய்ப்பிக்க வேண்டும் என்றாகிவிட்டது. எக்ஸ்மூர் நாய்க்கூட்ட வழக்கில், நரியைத் தேடிப் போவது மட்டும் வேட்டையாகாது என்று 2009இல் உயர் நீதிமன்றம் கூறியது. தடைக்குப் பின் வேட்டைக்குழுக்கள் பெரும்பாலும் நரிமோப்பத்தைத் தரையில் இட்டு, நரிகள் வாழும் அதே தோப்புகளின் வழியே நாய்களை ஓட்டத் தொடங்கின. நாய்கள் வழியில் உண்மை நரியைக் கண்டு துரத்திக் கொன்றால், அது விபத்து என்று சொன்னால் முடிந்தது. நிலங்களைப் பேணும் அறக்கட்டளையான நேஷனல் டிரஸ்ட் 2021இல் தன் நிலங்களில் இதை நிறுத்தியது. ஸ்காட்லாந்து 2023இல் புதிய சட்டம் இயற்றி, உரிமமின்றி இரண்டு நாய்களுக்கு மேல் கூடாது என்றதோடு, இந்தப் போலித்தட வேட்டையையும் தடைசெய்தது. வட அயர்லாந்தில் தடை மசோதா 2021 டிசம்பரில் தோற்றது; அங்கு வேட்டை இன்றும் சட்டப்படியே நடக்கிறது. இங்கிலாந்தில் 2024 தேர்தல் அறிக்கையில் தொழிற்கட்சி போலித்தட வேட்டையைத் தடைசெய்வதாக வாக்களித்தது. அந்த வாக்கு நிறைவேற வேண்டும். கூடவே, தன் நாய்கள் நரியைக் கொல்லக்கூடும் என்று தெரிந்தும் அவற்றைக் கட்டவிழ்ப்பவரே பொறுப்பு என்ற பிரிவும் 2004ஆம் ஆண்டுச் சட்டத்தில் சேர வேண்டும்.