மகள் மெலிந்தால் யாரைக் கூப்பிடுவது

பருவப் பெண்ணின் வாட்டத்தைப் பற்றித் தமிழில் கிடைக்கும் மிகப் பழைய பதிவுகள் சங்கப் பாடல்களின் குறிஞ்சித் திணையில் இருக்கின்றன. மகள் உண்பதில்லை, தோள் மெலிகிறது, வளை கழல்கிறது, நெற்றியில் பசலை படர்கிறது. தாய் அவளிடம் எதுவும் கேட்பதில்லை. கட்டுவிச்சியை அழைத்துக் குறி பார்க்கிறாள். முருகன் அணங்கினான் என்று குறி வருகிறது. முற்றத்தில் புதுமணல் பரப்பி, ஆட்டுக்குட்டியைப் பலி கொடுத்து, இரவில் முருகனின் பூசாரியான வேலன் வெறியாடுகிறான். இந்தச் சடங்கைப் பாடியதாலேயே ஒருவருக்கு வெறிபாடிய காமக்கண்ணியார் என்ற பெயர் நிலைத்துவிட்டது.

பாடல்கள் வேலன் பக்கம் நிற்பதில்லை. மகளின் வாட்டம் காதலால் வந்தது என்பது தோழிக்குத் தெரியும். வெறியாட்டைக் கேலி செய்கிறாள்; இதற்கு இசைந்து வந்த முருகனையே விவரம் தெரியாதவன் என்று சொல்லும் அளவுக்குப் போகிறாள். கடைசியில் செவிலித்தாயிடம் உண்மையை எடுத்துச் சொல்வதும் அவளே. இலக்கணம் அதை ‘அறத்தொடு நிற்றல்’ என்று பெயரிட்டு ஒரு துறையாக்கியது. பசலையை இன்றைய மனச்சோர்வு என்று மொழிபெயர்ப்பது தவறாகும். அது பிரிவின் நிறம், நோயின் பெயரன்று. ஆனால் ஒரு பெண் சோர்ந்து ஒடுங்கும்போது வீடு என்ன செய்யும் என்பதில் அந்தக் காட்சி பிற்காலத்தையும் முன்கூட்டியே காட்டிவிடுகிறது. காரணத்தை வெளியாள் வந்து சொல்கிறார். அவளிடம் கேட்டறிந்தவளோ சம வயதுத் தோழி.

பதின்பருவம் என்று தனியாக ஒரு பருவம் பெண்களுக்கு வாய்த்தது அண்மைக் காலத்தில்தான். பிராமணக் குடும்பங்களில் பூப்புக்கு முன்பே மணம் முடிந்தது. வேறு பல சாதிகளில் தாய்மாமன் குச்சு கட்டி, சடங்கு சுற்றிய சில ஆண்டுகளிலேயே மாப்பிள்ளை பார்த்தார்கள். 1929-ல் வந்த சாரதா சட்டம் பெண்ணின் மண வயதை 14 ஆக்கியது. அது 18 ஆனது 1978-ல். பூப்புக்கும் தாலிக்கும் நடுவே இடைவெளி நீண்டது, அதில் பள்ளிக்கூடம் புகுந்தது. அதற்கு முன் பதினைந்து வயதுப் பெண்ணின் துயரம் பெரும்பாலும் புதுமணப்பெண்ணின் துயரமாகவே வெளிப்பட்டது. அதற்கு ஊர் வைத்த பெயர் பேய்.

‘காத்து கருப்பு அண்டிடுச்சு’ என்பது இன்றும் வழக்கில் உள்ள பேச்சு. உச்சி வெயிலில் புளியமரத்தடியில், தலைவிரிகோலமாய், தனியே போனவளைப் பேய் பிடிக்கும். 1990-ஐ ஒட்டித் தென்னாற்காட்டில் களஆய்வு செய்த மானிடவியலாளர் இசபெல் நபோகோவ், பேயோட்டுவதற்காக அழைத்து வரப்பட்டவர்களில் புதிதாக மணமான இளம்பெண்களே அதிகம் என்று கண்டார். சோறு இறங்காமல், கணவனை அண்டவிடாமல், பேச்சற்றுக் கிடந்தவர்கள் அவர்கள். பிடித்த பேய் பெரும்பாலும் காதல் நிறைவேறாமல் உயிரை விட்ட ஓர் இளைஞன். உடுக்கைச் சத்தத்துக்கு நடுவே அவன் தன் பெயரையும் குறையையும் அவள் வாயாலேயே சொல்லியாக வேண்டும். பிறகு பேய் தங்கிய முடிக்கற்றையை அறுத்துப் புளியமரத்தில் ஆணி அடிப்பார்கள். கவனிக்க வேண்டிய ஒன்று உண்டு: வீட்டில் வாயே திறக்காதவள் அங்கே பேச வைக்கப்படுகிறாள், ஊரே கேட்கிறது. ஆனால் பேசுகிறவன் பேய். அவளுடைய சொந்தக் குறை அவன் குரலுக்குள் மறைந்தே வர வேண்டும். சடங்கு முடிந்ததும் அவள் திரும்பிப் போவதோ அதே வீட்டுக்கு.

மருத்துவமும் தன் வழியில் இதைத் தொட்டது. சித்த நூல்கள் மனக் கோளாறுகளைக் ‘கிரிகை’ என்று பெயரிட்டுப் பதினெட்டாக வகுத்தன. சென்னையில் 1794-ல் வாலண்டைன் கானலி என்ற அறுவை மருத்துவர் மனநோயாளிகளுக்கான முதல் இல்லத்தைத் தொடங்கினார். அரசு மருத்துவமனை 1871-ல் கீழ்ப்பாக்கத்தில் அமைந்தது. ஊர்ப்பேச்சில் கீழ்ப்பாக்கம் என்ற பெயரே வசையாகிவிட்ட பிறகு, கல்யாணத்துக்கு நிற்கும் பெண்ணை அங்கே கூட்டிப்போக எந்தப் பெற்றோருக்கும் துணிவு வரவில்லை. 1961-ல் அதன் கண்காணிப்பாளரான டாக்டர் சாரதா மேனன் புறநோயாளிச் சிகிச்சையை வளர்த்ததில் அந்த அச்சம் சற்றுத் தணிந்தது. போய்விடவில்லை. கோயிலும் தர்காவும் முதல் புகலாகவே தொடர்ந்தன. 2001 ஆகஸ்ட் 6 அன்று தர்கா ஊரான ஏர்வாடியில் காப்பகக் கொட்டகை ஒன்று தீப்பற்றி, சங்கிலியில் பிணைக்கப்பட்டிருந்த 28 பேர் மாண்டபோதுதான் அந்தப் புகலிடங்களின் நிலையை நாடு திரும்பிப் பார்த்தது.

மருத்துவர்களுக்கே நெடுநாள் ஒரு தயக்கம் இருந்தது. குழந்தைக்கும் வளரும் பிள்ளைக்கும் மனச்சோர்வு நோய் வருமா என்று மேலைநாட்டு மனநலத்துறை 1970-கள் வரை ஐயப்பட்டது. 1980-ல் வந்த அமெரிக்க நோய்ப் பகுப்பு நூல், பெரியவர்களுக்குரிய இலக்கணமே சிறுவருக்கும் பொருந்தும் என்று ஏற்றது. பூப்புக்குப் பிறகு பெண்களிடம் இந்த நோய் ஆண்களைப் போல ஏறத்தாழ இரு மடங்காகக் காணப்படுகிறது என்பது அடுத்தடுத்த ஆய்வுகளில் உறுதியானது. தமிழில் சொல் பிரச்சினை இன்னும் தீரவில்லை. பாடநூல் ‘மனச்சோர்வு’ என்கிறது. நாளிதழ் ‘மனஅழுத்தம்’ என்று எழுதி, தேர்வுப் பதற்றத்தையும் நோயையும் ஒரே கூடையில் போடுகிறது. பெண்கள் இந்த இரண்டையும் சொல்வதில்லை. தலை பாரம், படபடப்பு, அசதி, எதிலும் பிடிப்பில்லை என்றுதான் சொல்கிறார்கள். வலிக்கு மாத்திரை கொடுத்து அனுப்பிவிடுவது எளிது.

இதைவிடப் பெரிய திரை ‘தீராத வயிற்றுவலி’. ஓர் இளம்பெண் தன் உயிரை மாய்த்துக்கொண்டால் காவல் நிலையத்துக்கும் செய்தித்தாளுக்கும் போகும் காரணம் பல பத்தாண்டுகளாக அதுவே. மானம் ஒரு பக்கம், சட்டம் மறுபக்கம்: இந்தியத் தண்டனைச் சட்டத்தின் 309-ஆம் பிரிவு தற்கொலை முயற்சியைக் குற்றமாக வைத்திருந்தது. பிழைத்தவளின் வீட்டார் பொய் சொல்லாமல் என்ன செய்வார்கள்? 2017-ன் மனநலப் பராமரிப்புச் சட்டம் முயற்சி செய்தவரைக் கடும் மனநெருக்கடியில் இருந்தவராகவே கருதச் சொன்னது. 2024 ஜூலையில் நடைமுறைக்கு வந்த புதிய தண்டனைச் சட்டம் 309-ஐக் கைவிட்டது.

வயிற்றுவலிக்குப் பின்னால் இருந்ததை எண்ணிக்கையாகக் காட்டியது வேலூரை அடுத்த கணியம்பாடி. ஏறத்தாழ 1,08,000 மக்கள் வாழும் அந்த ஒன்றியத்தில் வேலூர் கிறித்துவ மருத்துவக் கல்லூரியின் ஊர்ச் சுகாதாரப் பணியாளர்கள் ஒவ்வொரு சாவையும் வீடு தேடிச் சென்று விசாரித்துப் பதிந்துவந்தார்கள். 1992 முதல் 2001 வரையிலான அந்தப் பதிவு 2004-ல் லான்செட் இதழில் வெளியானது. 10 முதல் 19 வயது வரையிலான பெண்களில் ஆண்டுக்கு லட்சத்துக்கு 148 பேர் தற்கொலையால் இறந்திருந்தார்கள். அதே வயது ஆண்களில் 58 பேர். அந்த வயதுப் பெண்களின் சாவுகளில் பாதிக்கு மேல் இதனால் நேர்ந்தவை. காவல்துறைப் பதிவேட்டில் இந்த அளவு தெரியவில்லை என்பதைவிட, ஊர்க்காரப் பணியாளர் ஒருவர் திண்ணையில் உட்கார்ந்து கேட்டபோது வீட்டார் சொன்னார்கள் என்பதே இங்கு முக்கியம். குடும்பச் சண்டை, அடி உதை, தேர்வுத் தோல்வி, கைகூடாத காதல், மனநோய் என்று காரணங்கள் வந்தன. நோயும் சூழலும் ஒன்றோடொன்று பின்னியவை. மருந்தால் மட்டும் அவிழாத பின்னல்.

கேட்பதையே ஒரு பணியாகச் செய்யும் வழக்கம் இங்கு வந்த கதைக்கும் ஒரு சிறுமியே தொடக்கம். 1935-ல் இங்கிலாந்தின் லிங்கன் நகரில் சாட் வாரா என்ற இளம் பாதிரியார் நடத்திய அடக்கம் 14 வயதுப் பெண்ணுடையது. மாதவிலக்கு முதன்முதலாக வந்ததைக் கெட்ட நோய் என்று அஞ்சி, கேட்க ஆளின்றி உயிரை விட்டவள் அவள். 1953-ல் லண்டனில் அவர் சமாரிட்டன்ஸ் அமைப்பைத் தொடங்கினார். துயரத்தில் இருப்பவரோடு தொலைபேசியில் பேசியவர்கள் மருத்துவர்கள் அல்லர். பயிற்சி பெற்ற சாதாரண மனிதர்கள். அந்த முறையைப் பின்பற்றி 1986-ல் சென்னையில் மனநல மருத்துவர் லட்சுமி விஜயகுமார் ‘சினேகா’வை நிறுவினார். அறிவுரை கூறாமல், ரகசியம் காத்து, குறுக்கிடாமல் கேட்பதே அங்குள்ள தன்னார்வலர்களின் வேலை. ‘எல்லாம் சரியாயிடும்மா’ என்பதும் ‘உனக்கென்ன குறை’ என்பதும் தமிழ் வீடுகளில் ஆறுதலாகக் கருதப்படுபவை. இரண்டுமே பேச வந்தவளின் வாயை அடைப்பவை. செத்துப்போகத் தோன்றுகிறதா என்று நேரடியாகக் கேட்பது அந்த எண்ணத்தை விதைக்காது. அந்தக் கேள்வி பெரும்பாலும் பாரத்தைக் குறைக்கிறது. நோய் முற்றியவர்களுக்கு உளச்சிகிச்சையும், மருத்துவரின் நெருங்கிய கண்காணிப்பில் ஃப்ளூக்செட்டின் போன்ற மருந்தும் வேண்டும்.

பள்ளி இறுதித் தேர்வு முடிவு வரும் நாள்களில் சினேகாவுக்கு அழைப்புகள் குவிந்தன. தோற்றவர்கள் ஓராண்டை இழக்காமல் உடனே எழுதும் துணைத்தேர்வுக்காக லட்சுமி விஜயகுமார் போன்றவர்கள் வாதாடினார்கள். 2000-களின் முற்பகுதியில் அது நடைமுறையானது. 2017-ல் மாநில அளவில் முதலிடம், இரண்டாமிடம் என்று அறிவிக்கும் வழக்கத்தை அரசு நிறுத்தியது. நாளிதழ்களின் முதல் பக்கத்திலிருந்து லட்டு ஊட்டும் படங்கள் குறைந்தது அதன் பிறகே. 2013-ல் தொடங்கிய 104 தொலைபேசி உதவிச் சேவை தேர்வுக் காலத்தில் மாணவரோடு பேசியது. 2022-ல் 14416 என்ற எண்ணில் தொடங்கிய அரசின் மனநலச் சேவைக்குத் தமிழ்நாடு வைத்த பெயர் ‘நட்புடன் உங்களோடு’. எந்நேரமும் இலவசமாக அழைக்கலாம். அழைக்கக் கைப்பேசி வேண்டும். பல வீடுகளில் அது அப்பாவின் சட்டைப் பையிலோ அண்ணன் கையிலோ இருக்கிறது, பெண் பேசினால் யாரோடு என்ற கேள்வி வருகிறது. பள்ளிக்கே வரும் ஆலோசகரும், மதிய இடைவேளையில் பக்கத்து பெஞ்சில் உட்கார்ந்து ‘ஏன்டி சாப்பிடல’ என்று கேட்கும் சிநேகிதியும் எட்டும் இடத்தை அந்த எண் இன்னும் முழுதாக எட்டவில்லை.