வீதி வண்டியும் பந்தய விதியும்

வீதியில் ஓடி ஓய்ந்த ஒரு மோட்டார் வண்டியைச் சொற்ப விலைக்கு வாங்கி, அதன் மேற்கூட்டைக் கழற்றி, பின் ஆசனத்தை அகற்றி, யந்திரத்தைப் பிரித்துச் செப்பனிட்டு, இனிப் பந்தயத்துக்கன்றி வேறெதற்கும் உதவாது என்ற நிலைக்கு அதனைக் கொண்டுவந்து நிறுத்துகிற கலையின் சரித்திரத்தை எழுதப் புகுந்தவர்கள் பெரும்பாலும் குதிரைசக்தியைப் பற்றியும் வேகத்தைப் பற்றியுமே விஸ்தாரமாகப் பேசிச் சென்றிருக்கிறார்கள். இக்கட்டுரையாளனின் அபிப்பிராயம் சற்று வேறானது. பழைய வண்டியில் எதை மாற்றலாம், எதைத் தொடலாகாது என்று ஒரு விதிப் புத்தகம் கிழித்த கோடும், அந்தக் கோட்டை மீறாமலே அதன் அப்புறம் எட்டிப் பார்த்த சில புத்திசாலிகளின் பிரயத்தனமுமே இக்கலையை வளர்த்தன என்பது அவன் துணிபு. அந்தக் கோடு மிகத் தெளிவாகப் புலப்படுமிடம் இரண்டாம் உலக யுத்தத்தை அடுத்த இங்கிலாந்து. அதற்கு இலக்கான வண்டி ஆஸ்டின் ஸெவன்.

ஸர் ஹெர்பர்ட் ஆஸ்டினின் தொழிற்சாலை கடனில் மூழ்கியிருந்த காலத்தில், சிறிய வண்டி ஒன்று செய்வதில் சக நிர்வாகிகளுக்குச் சம்மதமில்லாமையால், அவர் தம் இல்லத்துப் பில்லியர்ட்ஸ் அறையிலேயே ஸ்டான்லி எட்ஜ் என்ற பதினெட்டு வயதுப் படவரைஞரை அமர்த்திக்கொண்டு வரைந்த வண்டி அது. 1922-இல் வெளிவந்தது. மோட்டார் சைக்கிளில் பக்கவண்டி பூட்டி மனைவி மக்களை ஏற்றிச் சென்ற சாமானியக் குடும்பஸ்தனுக்கு நான்கு சக்கரமும் ஒரு கூரையும் தருவதே அதன் நோக்கம். 747 கன சென்டிமீட்டர் யந்திரம். ஆரம்பத்தில் பத்துக் குதிரைசக்தியை ஒட்டிய பலம். ஏறத்தாழ 360 கிலோகிராம் எடை. 1939-இல் உற்பத்தி நின்றபோது சுமார் 2,90,000 வண்டிகள் வெளிவந்திருந்தன. இந்தப் பெருந்தொகையை வாசகர் நினைவிற் கொள்ள வேண்டும். ஏனெனில் நமது சரித்திரம் அந்தக் குவியலிலிருந்துதான் பிறக்கிறது.

இந்தச் சிறு வண்டி பந்தயத்துக்குப் புதியதன்று. தொழிற்சாலையே அதனைப் பந்தயங்களுக்கு அனுப்பியிருக்கிறது. 1930-இல் புரூக்லண்ட்ஸ் 500 மைல் பந்தயத்தில் எஸ். ஸி. எச். டேவிஸும் மார்ச் பிரபுவும் மாறி மாறி ஓட்டிய ஆஸ்டின், தன்னினும் பன்மடங்கு பெரிய வண்டிகளை முந்தி முதலிடம் பெற்றது. ஆயினும் அது பெரிய ஸ்தாபனத்தின் பணமும் பிரத்தியேக யந்திரமும் ஈட்டிய வெற்றி. கைப்பணத்தை எண்ணிச் செலவழிக்கும் குமாஸ்தாவும் மாணவனும் பந்தயத்துக்குள் புகுந்த கதை அதன் பின்னரே தொடங்குகிறது.

1939-இல், மோட்டார் பத்திரிகையாளரான பில் பாடி என்பவரின் முயற்சியால் 750 மோட்டார் கிளப் தோன்றியது. சங்கம் பிறந்த சில மாதங்களில் யுத்தம் மூண்டது. யுத்தம் முடிந்த பிறகு நாட்டில் நிலவிய நிலையை எண்ணிப் பார்த்தால்தான் அடுத்து நடந்தது விளங்கும். அந்நியச் செலாவணிக்காகப் புது வண்டிகள் கப்பலேறின. பெட்ரோல் பங்கீட்டில் வந்தது. புரூக்லண்ட்ஸ் பந்தயப் பாதையோ நிரந்தரமாக மூடப்பட்டுவிட்டது. ஆனால் யுத்த விமானங்கள் ஏறியிறங்கிய தளங்கள் நாடெங்கும் வேலையற்றுக் கிடந்தன. ஸில்வர்ஸ்டோனும் குட்வுட்டும் 1948-இல் அவ்வாறே பந்தயப் பாதைகளாயின. ஓடுபாதை இருந்தது, ஆசை இருந்தது, பழைய ஆஸ்டின்கள் பழைய இரும்புக் கடை விலைக்குக் கிடைத்தன. இந்த மூன்றையும் ஒன்று சேர்க்க ஒரு விதி வேண்டியிருந்தது. ஹாலண்ட் பர்க்கெட் என்ற கால்நடை வைத்தியர் முதலிய உற்சாகிகளைக் கொண்ட அச்சங்கம், நாற்பதுகளின் இறுதியில் 750 ஃபார்முலா என்ற விதித்தொகுதியை வகுத்தது. அடிச்சட்டமும் யந்திரமும் ஆஸ்டின் ஸெவனுடையவையாகவே இருத்தல் வேண்டும் என்பதே அதன் சாரம். பணக்காரன் பணத்தால் ஜயிக்க இயலாதபடி வாசலை அடைத்து, ஏழை தன் புத்தியால் நுழைய ஒரு சாளரத்தைத் திறந்து வைத்த விதி அது.

அந்தச் சாளரத்தின் வழியே நுழைந்தவன் பட்டறையில் என்ன செய்தான்? இங்கே சற்று நிதானித்துச் செல்வது தகும். அனுபவமில்லாதவன் முதலில் யந்திரத்தின் மீது கை வைப்பான். அனுபவசாலியோ முதலில் எடையைக் குறைப்பான், பிறகு பிரேக்கைக் கவனிப்பான், யந்திரத்தைக் கடைசியிலேயே தொடுவான். மேற்கூட்டையும் கதவுகளையும் கழற்றி, அவற்றுக்குப் பதிலாக மெல்லிய அலுமினியத் தகட்டைப் போர்த்தினால், குதிரைசக்தியில் ஓர் அணுவும் கூடாமலே வண்டி விரைவு பெறும். பிரேக் விஷயம் இன்னும் பரிதாபமானது. 1930-க்கு முந்திய ஆஸ்டினில் பின்சக்கரப் பிரேக்கைக் காலாலும், முன்சக்கரப் பிரேக்கைக் கையாலும் தனித்தனியே இயக்க வேண்டும்; இரண்டும் கம்பி இழுப்பு. அதனை மாற்றி எண்ணெய் அழுத்தப் பிரேக் பொருத்தியவனே வளைவை நெருங்கும்வரை துணிந்து ஓட்டினான்.

அடிச்சட்டம் ஆங்கில ‘ஏ’ எழுத்தைப் போன்றது. முன்னே குறுகிப் பின்னே அகன்றது. முறுக்கினால் எளிதில் முறுகுவது. சட்டத்தை மாற்றலாகாது என்று விதி சொன்னதேயன்றி, அதன் திறந்த வயிற்றுக்குத் தகடு வைத்து வெல்டிங் செய்து பெட்டி போலாக்கக் கூடாதென்று சொல்லவில்லை. ஆகவே எல்லோரும் அப்படியே செய்தார்கள். பின்புற வில்கள் சட்டத்தின் கடைக்கோடியிலிருந்து நீட்டிக்கொண்டிருக்கும் கால்வட்ட வில்கள். வளைவில் வண்டி ஒரு பக்கம் சாயும்போது பின் அச்சு தானும் சற்றுத் திரும்பி, ஓட்டுநரைக் கேளாமலே வண்டியை உள்நோக்கி இழுக்கும். வில்லின் வளைவை நிமிர்த்தி, வண்டியைத் தாழ்த்தினால் இந்தத் துர்க்குணம் பெரிதும் அடங்கும். முன் அச்சு ஒரே தண்டு. லெஸ்லி பல்லமி என்பவர் காட்டிய வழியில் அதனை நடுவே அறுத்து இரு துண்டாக்கி, ஒவ்வொன்றும் தன் போக்கில் ஏறியிறங்கச் செய்தவர்கள் பலர். கிராங்க் தண்டுக்கோ இரு முனைகளிலும் இரண்டே தாங்கிகள் (1936-இல்தான் நடுவில் மூன்றாவது வந்தது). வேகம் ஏற ஏற அது கயிறு போல் துள்ளும். இத்தனை குறைகளையும் உடைய வண்டி வேறொன்றிருந்தால் அதனைக் கைவிட்டிருப்பார்கள். குறைகள் யாவும் கைக்கெட்டுவனவாகவும், ஒரு கொல்லனும் லேத் பட்டறையும் துணையிருந்தால் தீரக்கூடியனவாகவும் இருந்தமையே ஆஸ்டின் ஸெவனை ஒரு பள்ளிக்கூடமாக்கியது என்பேன்.

அந்தப் பள்ளியில் தேறிய மாணவருள் முதல்வர் காலின் சாப்மன். லண்டன் யூனிவர்ஸிடி காலேஜில் எஞ்சினீரிங் படித்துக்கொண்டே பழைய மோட்டார் வியாபாரம் செய்துவந்த அவருக்கு, 1947-இல் சொந்த உபயோகப் பெட்ரோல் பங்கீடு நிறுத்தப்பட்டதால் கைச்சரக்கு தேங்கிற்று. நஷ்டத்துக்கு விற்றதுபோக எஞ்சிய ஓர் ஆஸ்டின் ஸெவனைப் பின்னாளில் தம் மனைவியான ஹேஸல் வில்லியம்ஸ் வீட்டின் பின்புறக் கொட்டகையில் பிரித்து, அலுமினியம் போர்த்த ஒட்டுப்பலகையால் கூடு கட்டி, 1948-இல் முதல் லோட்டஸை உருவாக்கினார். அது சேற்றிலும் மேட்டிலும் ஏறும் போட்டிகளுக்கானது. 750 ஃபார்முலாவுக்கென்று அவர் செய்த மூன்றாவது வண்டியே நமது விசாரணைக்கு முக்கியமானது. ஆஸ்டின் யந்திரத்தில் நான்கு சிலிண்டர்களுக்கும் கலவை செல்லும் துளைகள் இரண்டே. இரு சிலிண்டர்கள் ஒரு துளையைப் பங்கிட்டுக்கொண்டு ஒன்றின் மூச்சை ஒன்று பறித்தன. துளைகளைக் கூட்ட வழியில்லை. சாப்மன் துளையின் நடுவே தகடு வைத்துத் தடுத்து, ஒவ்வொரு சிலிண்டருக்கும் தனிவழி வகுத்தார். 1951-ஆம் ஆண்டுப் பந்தயங்களில் அவ்வண்டியை எதிர்த்து நிற்க எவராலும் இயலவில்லை. அடுத்த ஆண்டே அந்தத் தந்திரத்தை விதி தடுத்தது. பந்தயத்தில் விதிக்கு அஞ்சி நடப்பவனைவிட, விதியை ஒருமுறையேனும் திருத்தும்படி செய்தவனுக்கே பெருமை அதிகம் என்பது நியாயமன்று, ஆனால் உண்மை.

எதை மாற்றலாம், எதைத் தொடலாகாது என்ற இதே கேள்வி அட்லாண்டிக் சமுத்திரத்துக்கு அப்பால் நியாயஸ்தலம் வரை சென்றிருக்கிறது. 1949 ஜூன் 19-ஆம் தேதி ஷார்லட் நகரில் நாஸ்கார் ஸ்தாபனம், விற்பனைக்கு வந்தபடியே மாறுதலற்ற வண்டிகளுக்கென்று நடத்திய முதற் பந்தயத்தில் கிளென் டனவே ஓட்டிய ஃபோர்டு முதலில் வந்தது. பரிசோதகர் குனிந்து பார்த்தபோது பின்புற வில்கள் விரித்துப் பலப்படுத்தப்பட்டிருக்கக் கண்டார். கள்ளச்சாராயம் சுமந்தோடும் வண்டிகளுக்குச் செய்யும் மராமத்து அது. வெற்றி பறிக்கப்பட்டு, லிங்கன் வண்டியில் வந்த ஜிம் ரோப்பருக்குச் சேர்ந்தது. வண்டியின் சொந்தக்காரர் பதினாயிரம் டாலர் கேட்டுத் தொடுத்த வழக்கு தள்ளுபடியாயிற்று. விதியை வகுத்தவர்களே அதற்குப் பொருள் கூறவும் உரியவர் என்ற நிலை அதனால் அங்கு வேரூன்றிற்று.

இங்கிலாந்தின் விதி அத்துணை இறுக்கமானதன்று, காலத்தோடு நெகிழ்ந்தது. பழைய ஃபோர்டு யந்திரத்துக்கென 1172 ஃபார்முலா வந்தது. ஆஸ்டின்கள் அருகியபோது 750 ஃபார்முலாவில் ரிலயன்ட் யந்திரமும், பின்னர் ஃபியட் யந்திரமும் இடம்பெற்றன. ஆஸ்டின் பள்ளியோ இங்கிலாந்தோடு நின்றுவிடவில்லை; நியூஸிலாந்தில் தந்தை வாங்கிய பழைய ஆஸ்டின் ஸெவன் அல்ஸ்டரில் பழகிய புரூஸ் மக்லாரன் எனும் சிறுவனின் பெயரை இன்று உலகமெங்கும் அறியாதாரில்லை.

நம் பக்கத்துச் செய்தியும் இதிலிருந்து மிகத் தூரமன்று. யுத்தகால விமானத் தளமாகிய சோழவரத்தில், 1953-இல் தோன்றிய மதராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப் நடத்திய பந்தயங்களில் ஓடிய ஃபியட் 1100-களும் ஹெரால்டுகளும் அம்பாஸிடர்களும் வீதியிலிருந்து வந்தவையே; வெளிநாட்டு வண்டி வாங்க வழியற்ற தேசத்தில் வேறு எதை எடுப்பது? 1980-களின் இறுதியில் கோவை எஸ். கரிவரதன், மாருதி 800-இன் யந்திரத்தைக் கொண்டு ஓர் ஆசன வண்டி செய்து ஃபார்முலா மாருதி என்ற வகையைத் தொடங்கினார். பர்க்கெட்டும் நண்பர்களும் ஆஸ்டினில் கண்ட அதே தத்துவம் அது: எல்லோருக்கும் கிடைக்கும் ஒரு யந்திரம், எல்லோருக்கும் ஒரே விதி. 1992-இல் அவ்வகை வண்டியில் ஸ்ரீபெரும்புதூரில் முதற்பந்தயம் ஓடிய நரேன் கார்த்திகேயன் 2005-இல் ஃபார்முலா ஒன்றில் இடம்பெற்றார்.

சாப்மன் கொட்டகையில் கட்டிய முதல் லோட்டஸ் 1950-இல் கைமாறியது. அதன் பின்னர் அது எங்கே போயிற்றென்று இன்றுவரை எவராலும் கண்டறிய முடியவில்லை.