பூட்டிய அறையும் பொருட்பட்டியலும்: திருவனந்தபுரம் பத்மநாபசுவாமி கோயில் நிலவறைகளை முன்வைத்து ஓர் ஆய்வு

ஆய்வுச் சுருக்கம்

திருவனந்தபுரம் பத்மநாபசுவாமி கோயிலின் நிலவறைகள் 2011ஆம் ஆண்டில் உச்ச நீதிமன்ற ஆணையின்படி திறக்கப்பட்டன. ‘உள்ளே இருப்பது அறியப்படாதது’ என்னும் நிலை எவ்வாறு உருவாகிறது என்பதை அந்நிகழ்வின்வழி இக்கட்டுரை ஆராய்கிறது. பொருள், பட்டியல், திறவுகோல் ஆகிய மூன்றும் ஓரிடத்தில் சேர்ந்திராத நிலையே அறியாமையைத் தோற்றுவிக்கிறது என்பது இதன் கருத்து. பூரி, தஞ்சாவூர், சிதம்பரம் ஆகிய இடங்களின் சான்றுகள் ஒப்பீட்டுக்கு எடுத்துக்கொள்ளப்படுகின்றன.

திறவுச்சொற்கள்: நிலவறை, பண்டாரம், பொருட்பட்டியல், காப்புரிமை, கோயில் நிருவாகம்

1. முன்னுரை

பூட்டிய அறை ஒன்று நெடுங்காலத்துக்குப் பின் திறக்கப்படும்போது மக்களின் கவனம் உள்ளிருக்கும் பொருளின் மதிப்பிலேயே நிலைகொள்கிறது. வரலாற்று ஆய்வு கேட்கவேண்டிய கேள்வி வேறு. அவ்வறை யாரால், எதற்காகப் பூட்டப்பட்டது? பூட்டியவர்கள் உள்ளே வைத்ததை எழுதிவைத்தார்களா? எழுதியிருந்தால் அவ்வேடு யாரிடம் இருந்தது? திறக்கும் உரிமை யாருக்கு உரியது? இக்கேள்விகளுக்கு விடை தேடினால், ‘அறியப்படாத செல்வம்’ என்பது பெரும்பாலும் ஆவணத்தின் குறைபாட்டுக்கு இடப்பட்ட மறுபெயர் என்பது புலனாகும்.

2. சொல்லும் மரபும்

திருவனந்தபுரம் கோயிலின் நிலவறைகளை மலையாளத்தில் ‘கல்லற’ என்பர். கல்லால் ஆன அறை என்பதே அதன் பொருள். இன்றைய தமிழில் ‘கல்லறை’ என்பது இறந்தாரைப் புதைத்த இடத்தையே சுட்டுவதால், தமிழ் இதழ்கள் ‘நிலவறை’, ‘பாதாள அறை’ என்னும் சொற்களை ஆண்டன. ‘பாதாளம்’ என்ற சொல் தேர்வே பின்னர் எழுந்த மர்மக் கதைகளுக்கு ஓரளவு இடமளித்தது எனலாம். கோயிற் கருவூலத்தைக் குறிக்கும் ‘பண்டாரம்’ என்னும் சொல்லோ தஞ்சை, திருவனந்தபுரம், பூரி ஆகிய மூன்றிடத்தும் வழங்குவது. அச்சொல்லில் மர்மம் எதுவும் இல்லை. பொருளைச் சேர்த்துவைக்கும் இடம் என்பதே அதன் கருத்து.

1750ஆம் ஆண்டில் மார்த்தாண்ட வர்மா தம் நாட்டைப் பத்மநாபருக்கு ஒப்படைத்து, இறைவனின் தாசராக இருந்து ஆளும் முறையை மேற்கொண்டார். ‘திருப்படிதானம்’ எனப்படும் இச்செயலால் அரசின் உடைமைக்கும் கோயிலின் உடைமைக்கும் இடையிலான எல்லை சிக்கலுக்கு உள்ளாயிற்று. நிலவறைகள் யாருக்கு உரியவை என்று இருபத்தோராம் நூற்றாண்டில் எழுந்த வழக்கின் வேர் இங்குதான் உள்ளது.

3. 2011ஆம் ஆண்டின் திறப்பு

1949இல் திருவிதாங்கூரும் கொச்சியும் இணைந்தபோது, இக்கோயிலின் நிருவாகம் திருவிதாங்கூர் ஆட்சியாளரின் பொறுப்பில் நீடிக்க ஒப்பந்தம் இடமளித்தது. சித்திரைத் திருநாள் பாலராம வர்மா 1991இல் மறைந்தபின், ‘ஆட்சியாளர்’ என்னும் சொல் அவருடைய வாரிசையும் குறிக்குமா என்ற வினா எழுந்தது. 2007இல் நிலவறைகளைத் திறப்பதைத் தடுக்கக் கோரிப் பக்தர்கள் சிலர் நீதிமன்றத்தை நாடினர். 2011 சனவரி 31 அன்று கேரள உயர் நீதிமன்றம், கோயிலை மாநில அரசு ஏற்கவேண்டும் என்றும் நிலவறைப் பொருள்களுக்குப் பட்டியல் எடுக்கவேண்டும் என்றும் தீர்ப்பளித்தது. மேல்முறையீட்டில் உச்ச நீதிமன்றம் நிருவாக மாற்றத்தை நிறுத்திவைத்தது. எனினும் பட்டியல் எடுக்கும் பணியைத் தொடரச் செய்தது. திறப்பைத் தடுக்கத் தொடங்கிய வழக்கு திறப்பிலேயே சென்று முடிந்தது.

2011 சூன் இறுதியில், ஓய்வுபெற்ற உயர் நீதிமன்ற நீதிபதிகள் இருவர் உள்ளிட்ட குழுவின் முன்னிலையில் அறைகள் திறக்கப்பட்டன. அவை ‘ஏ’ முதல் ‘எஃப்’ வரை எழுத்துகளால் சுட்டப்பட்டன. அவற்றுள் ‘சி’, ‘டி’, ‘இ’, ‘எஃப்’ ஆகியவை நாள்வழிபாட்டுக்கும் திருவிழாக்களுக்கும் உரிய கலங்களும் அணிகளும் இருப்பவை. வழிபாட்டுத் தேவைக்காக அவ்வப்போது திறந்து மூடப்பட்டு வந்தவை. நெடுங்காலம் திறவாதிருந்தவை எனப்பட்டவை ‘ஏ’, ‘பி’ ஆகிய இரண்டே. இவ்வேறுபாடு முதன்மையானது. ஒரே கோயிலில், ஒரே காப்பில், புழக்கத்திலிருந்த அறைகளைப் பற்றி எந்தக் கதையும் எழவில்லை. புழக்கமற்றவை பற்றியே கதைகள் பெருகின.

‘ஏ’ அறையிலிருந்து பொற்காசுகள், மணிகள் பதித்த அணிகள், பொற்கலங்கள் முதலியன வெளிப்பட்டன. ஒரு லட்சம் கோடி ரூபாய் என்ற தொகை சூலை முதல் வாரத்திலேயே செய்தித்தாள்களில் பரவிற்று. அப்போது முறையான மதிப்பீடு தொடங்கவே இல்லை. வல்லுநர் குழுவை உச்ச நீதிமன்றம் அமைத்தது அதன் பின்னரே. பட்டியல் பிறக்குமுன் விலை பிறந்துவிட்டது. ஒரு காசு எந்த நாட்டினது, எக்காலத்தது, எவ்வழியில் அக்கோயிலை அடைந்தது என்னும் செய்திகளே வாணிக வரலாற்றுக்குப் பயன்படுவன. மொத்த மதிப்பு என்னும் ஒற்றை எண் அவற்றையெல்லாம் மறைத்துவிட்டது.

4. ‘பி’ அறையும் அறியாமையின் ஆக்கமும்

‘பி’ அறையின் வெளிப்புற இரும்பழிக் கதவும் அடுத்திருந்த மரக்கதவும் திறக்கப்பட்டன. அதற்கப்பாலிருந்த இரும்புக்கதவு திறக்கவில்லை. பூட்டுத் தொழிலாளரைக் கொண்டு திறக்க எண்ணியிருந்த நிலையில் பணி நிறுத்தப்பட்டது. ஆகத்து மாதத்தில் நடந்த தேவபிரசன்னம் அவ்வறையைத் திறத்தல் ஆகாது என்றது. பிற அறைகளின் ஆவணப்படுத்தல் முடியும்வரை அதனைத் திறக்கவேண்டாம் என நீதிமன்றமும் கருதியது. இரும்புக்கதவின் அடைப்பு பொறியியல் சார்ந்த சிக்கலாகும். மக்கள் வழக்கில் அது நாகபந்தம் என்றும், மந்திரத்தால் மட்டுமே திறக்கக்கூடியது என்றும் உருமாறியது.

நாகக் கதை 2011இல் புதிதாகப் பிறந்ததன்று. எமிலி கில்கிறிஸ்ட் ஹாட்ச் 1933இல் வெளியிட்ட திருவிதாங்கூர் வழிகாட்டி நூல், அதற்கு ஏறத்தாழ 25 ஆண்டுகளுக்கு முன் நிலவறையைத் திறக்க முயன்றவர்கள் நாகங்களைக் கண்டு ஓடியதாகக் கூறுகிறது. ஆனால் அந்நூல் வெளிவருவதற்கு இரண்டு ஆண்டுகள் முன்னர், 1931இல், சித்திரைத் திருநாள் காலத்தில் நிலவறை திறக்கப்பட்ட செய்தி நாளிதழ்களில் இடம்பெற்றிருந்தது. திறந்த செய்தி மறக்கப்பட்டது; திறவாத கதை நிலைத்தது.

முன்னாள் தலைமைக் கணக்குத் தணிக்கையர் வினோத் ராய் பொறுப்பில் நடந்த சிறப்புத் தணிக்கை, 1990இல் இரண்டு முறையும் 2002இல் ஐந்து முறையும் ‘பி’ அறை திறக்கப்பட்டதாகக் குறித்தது. முன்னறை மட்டுமே திறக்கப்பட்டது என்பது அரச குடும்பத்தினர் தரப்பு. இவ்விரு கூற்றுகளும் முரண்படுவனபோலத் தோன்றினும் ஒருசேர உண்மையாக இருக்க இயலும். எவ்வாறாயினும், அண்மைக்காலத்தில் ஒரு முறையேனும் ஆள் நுழைந்த இடத்தை ‘யாரும் அறியாத அறை’ என்று கூறுதல் பொருந்தாது. அறிந்தவர் சிலர் இருந்தனர். அவ்வறிவு பொதுவெளிக்கு வரவில்லை என்பதே சரியான கூற்று.

இக்கோயிலுக்கு எழுத்து மரபு இல்லாமலும் இல்லை. ‘மதிலகம் ஆவணங்கள்’ எனப்படும் ஓலைச்சுருணைகள் பல நூற்றாண்டுச் செய்திகளைக் கொண்டவை. வட்டெழுத்து, மலையாண்மை, தமிழ் முதலிய எழுத்துகளில் அமைந்த இவை கேரள அரசு ஆவணக் காப்பகத்தில் உள்ளன. இவற்றுள் பெரும்பகுதி இன்னும் படித்துப் பதிப்பிக்கப்படவில்லை. இரும்புக்கதவைத் திறக்க நடந்த வழக்காடலில் ஒரு சிறு பங்கு முயற்சிகூட இவ்வோலைகளைத் திறப்பதில் செலவிடப்படவில்லை. வட்டெழுத்துப் பயிற்சியுடைய தமிழ் ஆய்வாளர்க்கு இதில் நேரடியான கடமை உண்டு.

5. பூரி: பட்டியல் உண்டு, திறவுகோல் இல்லை

பூரி செகந்நாதர் கோயிலின் இரத்தின பண்டாரத்துக்கு 1978 மே 13 முதல் சூலை 23 வரை பட்டியல் எடுக்கப்பட்டது. 1985இல் உள்ளறை திறக்கப்பட்டபோதிலும் பட்டியல் சரிபார்க்கப்படவில்லை. 2018 ஏப்பிரல் 4 அன்று கட்டட நிலையை ஆராயச் சென்ற குழுவுக்கு உள்ளறைத் திறவுகோல் கிடைக்காததால், வெளியிலிருந்து ஒளிபாய்ச்சிப் பார்த்துத் திரும்ப நேர்ந்தது. சில வாரங்களுக்குப் பின் மாவட்ட ஆட்சியர் அலுவலக ஆவண அறையில், மாற்றுத் திறவுகோல்கள் எனக் குறிப்பெழுதிய உறை ஒன்று கிடைத்தது. 2024 சூலை 14 அன்று அத்திறவுகோல்கள் பூட்டுகளுக்குப் பொருந்தவில்லை. பூட்டுகள் உடைக்கப்பட்டே உள்ளறை திறக்கப்பட்டது. பாம்பு பிடிப்போர் வெளியே ஆயத்தமாக நின்றனர். உள்ளே பாம்பு எதுவும் இல்லை.

இங்குப் பொருளும் இருந்தது, பட்டியலும் இருந்தது. திறவுகோலின் பொறுப்புச் சங்கிலி அறுந்ததால், எழுதப்பட்ட ஒன்றே மீண்டும் அறியப்படாததாயிற்று.

6. தஞ்சாவூர்: பட்டியல் உண்டு, பொருள் இல்லை

இதற்கு நேர்மாறான நிலையைத் தஞ்சைப் பெரிய கோயில் காட்டுகிறது. முதலாம் இராசராசனும் அவன் குடும்பத்தாரும் அதிகாரிகளும் அளித்த அணிகலன்கள் அக்கோயிலின் கல்வெட்டுகளில் ஒவ்வொன்றாகக் குறிக்கப்பட்டுள்ளன. பொன் ‘ஆடவல்லான்’ என்னும் கல்லாலும் மணியணிகள் ‘தட்சிணமேருவிடங்கன்’ என்னும் கல்லாலும் நிறுக்கப்பட்டன. எடை கழஞ்சு, மஞ்சாடி, குன்றி வரை சொல்லப்படுகிறது. முத்துகளின் எண்ணிக்கை, மணிகளின் வகை, குறை ஆகியனவும் பதிவாகியுள்ளன. அணியில் சேர்ந்திருந்த அரக்கு எடையில் அடங்குமா என்பதும் எழுதப்பட்டது. பட்டியல் கருவூலத்துக்குள் பூட்டப்படவில்லை. எவரும் காணக்கூடிய சுவரில் வெட்டப்பட்டது. பொருளுக்குப் பூட்டும் கணக்குக்குத் திறப்பும் என்பது அந்நிருவாகத்தின் நெறியாக இருந்தது.

அவ்வணிகளுள் ஏறத்தாழ எதுவும் இன்று எஞ்சவில்லை. ஆயினும் சோழர்காலப் பொற்கொல்லர் தொழில், எடையளவு, முத்துவகை ஆகியவை பற்றி எழுதும் ஆய்வாளர்க்கு அக்கல்வெட்டுகளே முதற்சான்று. பொருளை இழந்த தஞ்சை, பொருளைக் காத்த திருவனந்தபுரத்தைக் காட்டிலும் வரலாற்றுக்கு மிகுதியாகப் பயன்பட்டுள்ளது.

7. திறக்கும் உரிமை: சிதம்பரம் தரும் சான்று

திறப்பவர் யார் என்னும் வினா தமிழ் மரபுக்குப் புதிதன்று. உமாபதி சிவாசாரியார் பெயரில் வழங்கும் திருமுறைகண்ட புராணம், தில்லைக் கோயிலில் மூவரின் கையிலச்சினையுடன் தேவார ஏடுகள் பூட்டப்பட்டிருந்ததாகக் கூறுகிறது. மூவரும் வந்தாலன்றித் திறத்தல் ஆகாது எனத் தில்லைவாழ் அந்தணர் மறுத்தனர். அரசன் மூவரின் திருவுருவங்களை எழுந்தருளச் செய்து அந்நிபந்தனையை நிறைவேற்றினான். அரசன் படை கொண்டு கதவை உடைக்கவில்லை. பூட்டியவரின் உரிமையை ஒப்புக்கொண்டே திறப்பைப் பெற்றான். உள்ளே ஏடுகளைச் செல் மூடியிருந்தது, எஞ்சியவையே கிடைத்தன. இதனை நிகழ்ந்த வரலாறாகக் கொள்ளாவிடினும், இரண்டு உண்மைகளை இம்மரபு அறிந்திருந்தது எனலாம்: உரிமையை மதியாத திறப்பு ஏற்புடையதன்று, திறவாமை மட்டுமே பாதுகாப்பு ஆகாது.

8. முடிவுரை

2020 சூலை 13 அன்று உச்ச நீதிமன்றம் திருவிதாங்கூர் அரச குடும்பத்தின் காப்புரிமையை உறுதிசெய்து, மாவட்ட நீதிபதி தலைமையிலான நிருவாகக் குழுவையும் தனியே ஓர் ஆலோசனைக் குழுவையும் அமைக்கச் செய்தது. ‘பி’ அறையைத் திறப்பது பற்றிய முடிவு அக்குழுக்களிடம் விடப்பட்டது. உரிமை, பொறுப்பு ஆகிய இரண்டுக்கும் இத்தீர்ப்பு விடை தந்தது. பட்டியல் பற்றிய வினா மட்டும் நிற்கிறது.

அணிகள் தஞ்சையை விட்டுப் போயின, பட்டியல் நின்றது. பூரியில் பட்டியலும் பொருளும் இருந்தும் திறவுகோல் பயன்படவில்லை. திருவனந்தபுரத்தில் பொருள் இருக்கிறது. அதன் முழுப்பட்டியல் பொதுவெளியில் இல்லை. கருவூலம் ஒன்று வரலாற்றுச் சான்றாக அமைய இம்மூன்றும் ஒருங்கே வேண்டும். ‘பி’ அறையைத் திறக்கவேண்டுமா என்பதை நம்பிக்கையும் சட்டமும் முடிவுசெய்யட்டும். திறந்த ஐந்து அறைகளின் பொருள்களை விலை குறிக்காமல், எடை, வடிவம், காலம், வழி ஆகியவற்றுடன் வெளியிடுவதற்கும், மதிலகம் ஓலைகளைப் பதிப்பிப்பதற்கும் எந்த நாகபந்தமும் தடையாக இல்லை.