அம்பது நிமிஷ அகர்தலா

அகர்தலாவுக்கு மாற்றல் என்றதும் அம்மா கேட்ட முதல் கேள்வி, "கொல்கத்தாவிலிருந்து எவ்வளவு தூரம்டா?" என்பதுதான். "ஃப்ளைட்டில் அம்பது நிமிஷம்மா" என்றேன். பொய்யில்லை. நேர்கோட்டில் சுமார் 320 கி.மீ., ஏறக்குறைய நம்ம சென்னை - திருச்சி.

சாமான்களோடு ரயிலேறிய பிறகுதான் உறைத்தது. வடக்கே ஏறி, குவாஹாத்தியைத் தொட்டு, அஸ்ஸாம் மலைகளில் வளைந்து இறங்க 1,500 கி.மீ.க்கு மேல்! சென்னையிலிருந்து மும்பை இதைவிடக் கிட்ட. ஒன்றரை நாள் ஆயிற்று.

இந்த ஊர் ஒருகாலத்தில் இவ்வளவு தள்ளி இருக்கவில்லை. சியால்தாவில் ரயிலேறி கோவாலந்தோ, அங்கிருந்து பத்மா நதியில் ஸ்டீமரில் சாந்த்பூர், மறுபடி ரயிலில் குமில்லா வழியாக அகௌரா. 1896-இலேயே அகௌராவுக்கு ரயில் வந்துவிட்டது. அங்கே இறங்கினால் அகர்தலா சில மைல்தான். (அந்த ஸ்டீமரில் படகுக்காரர்கள் வைக்கும் கோழிக்கறி வங்காளிகளிடம் இன்றும் பிரசித்தம்.)

1947-இல் ராட்கிளிஃப் போட்ட கோட்டில் அகௌரா பாகிஸ்தானுக்குப் போனது. மூன்று பக்கமும் அடைபட்ட திரிபுரா சமஸ்தானம் 1949 அக்டோபரில் இந்தியாவோடு இணைந்தது. மிஞ்சிய நல்ல வழி ஆகாயம்தான். மகாராஜா பீர் விக்ரம் 1942-இல் கட்டிய விமானதளம் கைகொடுத்தது. அவரோ பிரிவினைக்கு மூன்று மாதம் முன்பே காலமாகிவிட்டார். தான் போட்ட ஓடுபாதையே ஊரின் தலைவாசல் ஆகப்போகிறதென்று நினைத்திருப்பாரா? இந்தியப் பக்கமாகச் சுற்றிக்கொண்டு ரயில் அகர்தலா வந்து சேர்ந்தது 2008-இல்! நிலத்தில்தான் இத்தனை சுற்று. விமானம் இன்றும் வங்கதேசத்தின் மேலேயே நேராகப் பறக்கிறது.

அகௌராவுக்கு மீண்டும் பாதை போட்டு 2023 நவம்பரில் திறந்தார்கள். மொத்தமே 12 கி.மீ. சொச்சம். அடுத்த ஆகஸ்டில் டாக்காவில் ஆட்சி கவிழ்ந்தது. பயணிகள் ரயில் ஓடாமலே 2024-ம் முடிந்தது.

எங்கள் ஹவுஸ் ஓனரின் அம்மா பிறந்தது பிராமண்பாரியாவில். இங்கிருந்து டவுன் பஸ் விடுகிற தூரம்தான், நடுவே எல்லை. பிரிவினையில் வந்தபோது வயது பத்து. அப்புறம் போகவேயில்லை. அப்பா கையைப் பிடித்துக்கொண்டு கோவாலந்தோ ஸ்டீமரில் கொல்கத்தா போனதை மட்டும் நேற்று நடந்த மாதிரி சொல்வார்.

போன மாதம் அவருக்குக் கண் ஆபரேஷன், கொல்கத்தாவில். மகனுக்கு லீவு கிடைக்கவில்லை, நான் கூடப் போனேன். ஜன்னல் சீட்தான் வேண்டும் என்று ஒரே பிடிவாதம். (இத்தனைக்கும் பார்வை மங்கலாகித்தான் ஆபரேஷனே!) விமானம் எழும்பிய இரண்டாவது நிமிஷம் கண்ணாடியில் நெற்றியை ஒட்டிக்கொண்டார். கீழே வயல், தண்ணீர், நடுவில் கோடு மாதிரி ஏதோ ஒன்று.

"அது அகௌரா ரயில் பாதைதானே?"

சத்தியமாக எனக்குத் தெரியாது.

"ஆமாம் மாஷிமா" என்றேன்.